வலையில் ஒரு ஓட்டை

சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு இங்கிலாந்து கால்பந்து ஆட்டம் என்றால் காரைக்குடியில் நாங்கள் ஆறேழு பேர் கூடுவது ஒரு பழைய வீட்டு முகப்பில். அந்த வீட்டுப் பேரன் எங்கள் செட்டு. பர்மா தேக்குத் தூணில் ஆணி அடித்து வைஃபை டப்பாவை மாட்டி வைத்திருக்கிறான். அந்த ஒரு ஆணிக்காக ஆச்சியிடம் அவன் இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். அக்டோபர் கடைசியில் இங்கிலாந்துக்காரன் கடிகாரத்தைத் திருப்பி வைத்தால் பத்து மணி ஆட்டம் பதினொன்றாகிவிடும். ஆச்சி தூங்கியிருப்பார். கோல் விழுந்தாலும் வாயைப் பொத்திக்கொண்டுதான் குதிக்க வேண்டும்.

எந்த வாரம் எந்த ஆட்டம் நடந்தாலும் எங்கள் சண்டை கடைசியில் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். 2023 செப்டம்பர் 30, டோட்டன்ஹாம் - லிவர்பூல். காரணம், கூட்டத்தில் மூன்று பேர் லிவர்பூல், ஒருத்தன் டோட்டன்ஹாம். கொரிய வீரர் சன் ஹியுங்-மின்னுக்காக அந்தப் பக்கம் போனவன். சன் அமெரிக்காவுக்குப் போன பிறகும் இவன் மட்டும் கட்சி மாறவில்லை.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டம் 0-0. லிவர்பூலில் ஏற்கெனவே ஒருவர் ரெட் கார்டு வாங்கி வெளியே போயாச்சு. 34வது நிமிடம் லூயிஸ் டியாஸ் கோல் அடிக்கிறார், லைன்ஸ்மேன் ஆஃப்சைடு கொடி தூக்குகிறார். ரீப்ளே பார்த்து முடிவைச் சரிபார்க்கும் வீஏஆர் அறையில் படத்தைப் பார்த்தால் அது ஆஃப்சைடே இல்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருந்தவர், கிரவுண்டில் கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு 'செக் முடிஞ்சது' என்று சொல்லிவிட்டார். கிரவுண்டில் இருந்தவர்கள் ஆஃப்சைடு சரிதான் போல என்று ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். சில விநாடிகளில் அறைக்குள் இருந்தவர்களுக்கே விஷயம் உறைத்தது. ஆட்டத்தை நிறுத்துங்கள் என்று குரலும் வந்தது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் கோலை மாற்ற விதியில் இடமில்லை, அதனால் ஒன்றும் செய்ய முடியாது என்று விட்டுவிட்டார்கள். 96வது நிமிடத்தில் மாட்டிப் காலில் பட்டு சேம்சைடு கோல், டோட்டன்ஹாமுக்கு 2-1. அப்புறம் தப்பு நடந்தது என்று அறிக்கை வந்தது, சில நாளில் ஒலிப்பதிவும் வந்தது. லிவர்பூல் மேனேஜர் கிளாப் மறு ஆட்டம் கேட்டார். நடக்கவில்லை.

எல்லாரும் அந்த வீஏஆர்காரரை வறுத்தெடுத்தார்கள். நானும்தான். ஆனால் இப்போது எனக்கு அந்த ஆள்மேல் அவ்வளவு கோபம் இல்லை. நான் கேட்பது வேறு. ரெஃப்ரியின் கையைத்தான் விதி கட்டிப்போட்டது. பதிலுக்கு ஒரு கோல் விட்டுக்கொடுக்க முடியாதபடி டோட்டன்ஹாம் மேனேஜர் போஸ்டகோக்லுவின் கையை யார் கட்டினார்கள்?

சும்மா கற்பனையாகக் கேட்கவில்லை, நடந்திருக்கிறது. 2019 ஏப்ரல் 28, லீட்ஸ் - ஆஸ்டன் வில்லா. வில்லா ஆள் ஒருவர் அடிபட்டுக் கீழே கிடக்க, பந்தை வெளியே அடிப்பார்கள் என்று எல்லாரும் நின்ற நேரத்தில் லீட்ஸ் போய் கோல் அடித்துவிட்டது. விதிப்படி அதில் ஒரு தப்பும் இல்லை. லீட்ஸ் மேனேஜர் பியெல்சா டச் லைனில் நின்று கத்துகிறார்: அவங்களை ஒரு கோல் அடிக்க விடுங்க! வில்லா வீரர் அடோமா பந்தை உருட்டிக்கொண்டு போகிறார், லீட்ஸ் ஆட்கள் சிலை மாதிரி நிற்கிறார்கள். ஒரே ஒருத்தர், யான்சன், மனசு கேட்காமல் விரட்டியும் பார்த்தார். 1-1. அந்த டிராவோடு லீட்ஸுக்கு நேரடியாக மேல் டிவிஷனான பிரீமியர் லீக் போகும் வாய்ப்பு முடிந்தது. பிளே-ஆஃபில் டெர்பியிடம் தோற்று அந்த வருடம் மேலே போகவே இல்லை.

அதற்கும் முன்னால் 1999 பிப்ரவரியில் எஃப்ஏ கப்பில் ஆர்சனல். ஷெஃபீல்ட் யுனைடெட் பந்தை வெளியே அடித்தது அடிபட்ட ஆளுக்காக. மரியாதைக்குத் திருப்பிக் கொடுக்க எறிந்த பந்தை, அன்றுதான் முதன்முதலாக ஆர்சனலுக்கு இறங்கிய கானு ஓடி எடுத்துக் கொடுக்க, ஓவர்மார்ஸ் கோல் போட்டுவிட்டார். ஆர்சனல் 2-1. கோல் செல்லும்தான். ஆனால் ஆட்டம் முடிந்த கையோடு ஆர்சனல் மேனேஜர் வெங்கர் மறுபடி ஆடலாம் என்றார். பத்து நாள் கழித்து ஆடி, அதே 2-1 என்று ஜெயித்தார்கள். என் ஆர்சனல் பெருமையில் பெரும்பகுதி இந்த ஒரு விஷயம்தான். வருஷா வருஷம் இரண்டாம் இடம் வாங்கும்போதெல்லாம் இதைத்தான் நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அநியாயம் நடந்தால் மேனேஜர் செய்வது பெரும்பாலும் வேறு மாதிரிதான். ரோமா மேனேஜராக இருந்த மொரினியோ 2023 யூரோப்பா லீக் ஃபைனலில் தோற்றதும் கார் பார்க்கிங் வரை போய் ரெஃப்ரியைத் திட்டி நாலு ஆட்டத் தடை வாங்கினார். நம்ம இந்திய லீக்கான ஐஎஸ்எல்லில் அதே வருடம் மார்ச் 3, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். விசில் ஊதுமுன் பெங்களூரு வீரர் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்துவிட்டார், ரெஃப்ரி கோல் கொடுத்தார். கேரளா பிளாஸ்டர்ஸ் மேனேஜர் வுகோமனோவிச் அணியையே கூட்டிக்கொண்டு வெளியே போனார். கிளப்புக்கு 4 கோடி அபராதம், அவருக்குப் பத்து ஆட்டத் தடை, 5 லட்சம் அபராதம். தனக்கு அநியாயம் நடந்தால் வானத்துக்கும் பூமிக்கும் குதிக்கிறவர்கள், தனக்குச் சாதகமாக அநியாயம் நடந்தால் 'நான் சரியாகப் பார்க்கவில்லை' என்று நழுவுவார்கள். பத்துக்கு ஒன்பது மேனேஜர் இப்படித்தான். என் ஆளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போன சனிக்கிழமை இதைச் சொன்னதும் டோட்டன்ஹாம்காரன் பாய்ந்தான். "அண்ணே, அன்னைக்கு அந்த ரூமுக்குள்ள என்ன பேசினாங்கன்னு போஸ்டகோக்லுக்கு எப்படிண்ணே தெரியும்? ஆட்டம் முடிஞ்சப்புறம்தானே அறிக்கையே வந்துச்சு?"

நியாயமான கேள்வி. வாயடைத்துப் போனேன். யோசித்தால் என் ஆத்திரம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. தப்பு என்று தெரிந்த அந்த நிமிடமே ரெஃப்ரி இரண்டு மேனேஜரையும் கூப்பிட்டு, 'கோலை நாங்கள் தப்பாக மறுத்துவிட்டோம், விதிப்படி என்னால் திருப்பித் தர முடியாது' என்று சொல்லியிருந்தால்? போஸ்டகோக்லு விட்டுக்கொடுத்திருப்பாரா என்று நான் சொல்ல வரவில்லை. அவருக்கு அந்த வாய்ப்பே போகவில்லை. 2025-26லிருந்து பிரீமியர் லீக்கிலும் ரெஃப்ரி மைக்கில் முடிவை அறிவிக்கிறார், சந்தோஷம். முடிவைச் சொல்ல மைக் வந்துவிட்டது. தப்பைச் சொல்ல?

நம்ம பக்கம் வடமாடு நடக்கும்போது பாருங்கள். மாடு ஜெயித்ததா பிடித்தவர்கள் ஜெயித்தார்களா என்று கமிட்டிக்காரர் மைக்கில்தான் சொல்வார். சந்தேகம் வந்தால் சண்டையும் அதே மைக்கில், ஊரே கேட்க நடக்கும். அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவு நியாயம் பேசும் நான் ஒரு ரெஃப்ரி என்பதை அந்த முகப்பில் இருந்தவர்களிடம் அதுவரை சொன்னதில்லை. முழங்கால் போன பிறகு கொஞ்ச காலம் அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டிகளுக்கு விசில் ஊதினேன். 2011ல் தேவகோட்டைப் பக்கம் ஒரு திருவிழாப் போட்டி, வறண்ட கண்மாய்ப் பொட்டலில் அரையிறுதி. வலை என்று கட்டியிருந்தது பழைய மீன் வலை. சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கிறது, புழுதி வேறு. வலது பக்கத்திலிருந்து ஒரு அடி, வலை குலுங்கியது, பந்து உள்ளே கிடந்தது. ஊதிவிட்டேன். கோல்கீப்பர் பையன் ஓடி வந்தான். "அண்ணே, சைடுல போச்சுண்ணே, உள்ள வரவே இல்லண்ணே." "போடா, போய் நில்லு" என்றேன்.

ஹாஃப் டைமில் தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் போனவன் பார்த்தேன். பக்கவாட்டு வலையில் தேங்காய்மூடி கணக்காக இல்லை, ஆள் தலையே நுழையும் அளவுக்கு ஓட்டை. சுற்றிலும் பார்த்தேன். தண்ணீர் பாக்கெட் மூட்டை கட்டி வந்த சணல் கிடந்தது. எடுத்து ஓட்டையை இழுத்துக் கட்டினேன். மூன்று முடிச்சு. நிமிர்ந்தால் கிளவுஸைக் கையில் பிடித்தபடி அந்தப் பையன் நிற்கிறான். ஒன்றும் பேசவில்லை. இடம் மாறி எதிர் போஸ்டுக்குப் போய்விட்டான். ஆட்டம் 1-0.

ஜெயித்த அணியின் கோச் எனக்கு நன்றாகத் தெரிந்தவர். சொல்லியிருந்தால் ஒருவேளை ஒரு கோல் விட்டிருப்பார், இல்லை போய்யா என்றிருப்பார். நான் சொல்லவில்லை. 2013 அக்டோபரில் ஜெர்மனியில் ஹாஃபன்ஹைம் ஆட்டம். லெவர்குசனின் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து பக்க வலை ஓட்டை வழியாக உள்ளே போய் அது கோலாகவே நின்றது. டிவியில் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அந்தக் கீப்பர் இப்போது செக்காலை ரோட்டுப் பக்கம் பரோட்டாக் கடை வைத்திருக்கிறான். ஆட்டம் முடிந்து பசியோடு போவோம். சால்னாவை ஊற்றிக்கொண்டே ஒவ்வொரு தடவையும் கேட்பான். "என்னண்ணே, இன்னைக்கு ரெஃப்ரி எப்படி?" நான் நல்லா இருந்தார் என்றாலும் சரி, மோசம் என்றாலும் சரி, ஒரே சிரிப்புதான் சிரிப்பான்.