அணில் வேட்டைக்கு 0.32 அங்குலம் மட்டுமா?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அணில் வேட்டைக்குச் சக்கிமுக்கி ரைஃபிள் (கல்லின் பொறியால் வெடிக்கும், குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் இடும் பழைய வகைத் துப்பாக்கி) தேடுபவரிடம், "0.32 அங்குல உள்விட்டக் குழல்தான் வாங்க வேண்டும், 0.36 இறைச்சியைச் சிதைத்துவிடும்" என்று ஒருவர் உறுதியாகக் கூறியுள்ளார். இது சரியன்று. இறைச்சி கெடுவதற்குக் குழலின் அளவைவிட, எவ்வளவு வெடிமருந்து கெட்டிக்கிறோம், குண்டு எங்கே படுகிறது என்பவையே முதன்மையான காரணங்கள். 0.36 குழலில் 20 முதல் 25 கிரெயின் (ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.065 கிராம்) கருமருந்தோடு தலையைக் குறிவைத்துச் சுட்டால் உடல் இறைச்சி அப்படியே கிடைக்கும், 0.32 குழலிலேயே மருந்தை அள்ளிப்போட்டு விலாவில் சுட்டால் பாதி இறைச்சியை வீசிவிட வேண்டியதுதான்.

0.32 குழலின் ஈயக் குண்டு ஏறத்தாழ 45 கிரெயின் எடை, 0.36 குழலுடையது ஏறத்தாழ 65 கிரெயின். எனவே முன்னதைக் காற்று எளிதில் ஒதுக்கிவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, மருந்து எரிந்து குழலுக்குள் சேரும் கரிப்படிவு. சில முறை சுட்டதும் எச்சில் தொட்ட துணியால் குழலைத் துடைக்காவிட்டால், அடுத்த குண்டு பாதி வழியில் இறுகி நிற்கும்; வலிந்து இடித்தால் குண்டை உள்ளே தள்ளும், பென்சில் பருமன்கூட இல்லாத மரக்கோல் முறிந்து கையைக் கிழிக்கலாம். கோலை எப்போதும் குழல்வாய்க்குச் சற்று மேலே பிடித்து, சிறிது சிறிதாகவே அழுத்துங்கள்.

ஈயமும் மருந்தும் குறைவாகச் செலவாகும் என்பதற்காக 0.32 வாங்குவதில் தவறில்லை. முதல் துப்பாக்கிக்கு நான் 0.36 குழலையே பரிந்துரைப்பேன்.