டீச்சரம்மாவைத் தெய்வமாக்காதீர்கள்

அம்மா காலமானதிலிருந்து வாட்ஸ்அப்பில் அஞ்சலி வந்துகொண்டே இருக்கிறது. அறிவுக்கண் திறந்த தெய்வம், தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தி, தியாகத்தின் திருவுருவம். எழுதியவர்களில் பாதிப்பேர் அவளிடம் அ, ஆ படித்தவர்கள். அந்த அன்பைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் மகள் என்ற உரிமையில் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கம்மா உருகவெல்லாம் இல்லை. எண்பது தாண்டியும் கரும்பு கடித்தவள். கஷ்டப்பட்டு வேலை பார்த்தாள், அதற்குச் சம்பளம் வாங்கினாள், அந்தச் சம்பளத்தை யாராவது இளப்பமாகப் பேசினால் சண்டைக்கே போவாள்.

தெய்வம் என்று சொல்லிவிட்டால் நமக்கு ஒரு வசதி. அவள் என்ன வேலை செய்தாள், எப்படிச் செய்தாள், இன்றைக்கு அதைச் செய்ய ஆள் இருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டியதில்லை. ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த மெசேஜுக்குப் போய்விடலாம். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி. கேரளம் என்றதும் கண்ணில் வருகிற காயலும் படகும் இங்கே கிடையாது. கரிசல் மண், நிலக்கடலை, பனை, ஏய்த்துவிட்டுப் போகும் மழை. பேச்சு கொங்குத் தமிழ். 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோது குமரிப் பக்கத்து நாலு தாலுக்காவும் செங்கோட்டையும் தமிழ்நாட்டுக்குப் போயின. தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் கேரளத்தோடு நின்றன. ஆக, நாங்கள் வீட்டில் தமிழ், ஆபீஸில் மலையாளம் என்று ஆகிவிட்டோம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அம்மாவின் வேலை.

மாநிலம் பிரிந்து இரண்டு வருஷத்துக்குள் ஒரு எய்டட் எல்.பி. ஸ்கூலில், அதாவது அரசு உதவி பெறும் தனியார் தொடக்கப் பள்ளியில், தமிழ்ப் பிரிவுக்கு டீச்சராகச் சேர்ந்தாள். முதல் சம்பளக் கதையை அவள் எங்களுக்குச் சொல்லாத வருஷம் இல்லை. கையெழுத்துப் போட்டது ஒரு தொகைக்கு, ஸ்கூலை நடத்துகிற மேனேஜர் கையில் கொடுத்தது வேறு தொகை. கேட்டதற்கு, "பொம்பளைப் பிள்ளைக்கு இது போதாதா?" என்று பதில். அந்தக் காலத்தில் எய்டட் ஸ்கூல்களில் இது ஊரறிந்த சங்கதி. ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் மந்திரிசபையில் கல்வி மந்திரியாக இருந்த ஜோசப் முண்டசேரி 1957-இல் கொண்டுவந்த கல்வி மசோதா பெரிய ரகளைக்கெல்லாம் பிறகு 1959-இல் நடைமுறைக்கு வந்தது. அதே வருஷம் ஜூலை 31-இல் அந்த ஆட்சியையே கலைத்தார்கள். ஆட்சி போனாலும் சட்டம் நின்றது, சம்பளம் அரசாங்கத்திலிருந்து முழுசாக வந்தது. அம்மாவுக்குக் கட்சி ஈடுபாடு எதுவும் இல்லை, கோயிலுக்குப் போகிறவள். ஆனால் முண்டசேரி பேரை யாராவது குறைத்துப் பேசினால் பொறுக்கமாட்டாள்.

அப்பாவுக்குக் கடலை காய்த்தால் வருமானம். அம்மாவுக்குக் காய்த்தாலும் காயாவிட்டாலும் மாசம் பிறந்தால் பணம். எங்கள் வீட்டில் நாலு பேர் படித்தது இந்த ஒரு வித்தியாசத்தால்தான். தன் பேரில் நிலம் கிரயம் செய்தாள். அன்றைக்கு எங்கள் ஊரில் ஒரு பொம்பளை பேரில் பத்திரம் என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடும். இதையெல்லாம் விட்டுவிட்டு "பலன் கருதாமல் உழைத்தார்" என்று எழுதுகிறீர்கள். பலன் கருதித்தான் உழைத்தாள், ஐயா! அதில் என்ன கேவலம்?

இனி வேலைக்கு வருகிறேன். தமிழில் படிக்கிற பிள்ளை நாலாம் வகுப்பு முடித்து யு.பி. ஸ்கூல் என்கிற நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் சுற்றிலும் மலையாளம். பஸ் போர்டு மலையாளம், ஆஸ்பத்திரிச் சீட்டு மலையாளம். அதனால் மூன்றாம் வகுப்பிலேயே மலையாள எழுத்தை அம்மா தன் கணக்கில் தொடங்கிவிடுவாள். தமிழுக்கு ஒரே க, மலையாளத்துக்கு நாலு. நம் பிள்ளைகளுக்கு நாலும் ஒன்றாகத்தான் கேட்கும். எல்லாரும் உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைக்க வேண்டும். முதல் க-வுக்குக் கையில் காற்றுப் படக்கூடாது. இரண்டாவதுக்குச் சூடாக அடிக்க வேண்டும். மூன்றாவதுக்கு மற்றக் கையைத் தொண்டையில் வைத்தால் அது அதிர வேண்டும். நாலாவதுக்குக் காற்றும் வேண்டும், அதிர்வும் வேண்டும். நாற்பது பிள்ளைகள் ஒரு கை வாயிலும் ஒரு கை தொண்டையிலுமாக நின்று கத்துவதைப் பக்கத்து வகுப்பு மாஷ் (வாத்தியார்) எட்டிப் பார்த்துச் சிரிப்பார். பின்னாளில் காலேஜில் மொழியியல் படித்த என் தம்பி அதே விஷயத்தைப் பெரிய பெரிய சொற்களில் படித்துவிட்டு வந்து, "அம்மா, இது உனக்கு யார் சொன்னது?" என்று கேட்டான். "பிள்ளைங்க தப்பாச் சொல்றதைக் காது குடுத்துக் கேட்டாத் தெரியாதா?" என்றாள். இந்தக் காதைத்தான் நான் திறமை என்கிறேன். இதைக் கருணை, தாயுள்ளம் என்று நீங்கள் சொல்லும்போது எனக்கு ஒப்பவில்லை.

2017-இல் எல்லாப் பள்ளிகளிலும் மலையாளம் கட்டாயம் என்று கேரளத்தில் சட்டம் வந்தது. எங்கள் முகநூல் குழுக்களில் தமிழ்ப் போராளிகள் கொதித்தார்கள், நானும் கொஞ்சம் கொதித்தேன். அம்மாவிடம் படித்துக் காட்டினால், "இதைத்தான நான் அம்பது வருஷத்துக்கு முன்னாலயே செஞ்சேன்" என்றாள். அப்புறம் ஒரு கேள்வி: "சரி, தமிழ் புஸ்தகம் நேரத்துக்கு வருதாமா?" எத்தனையோ வருஷம் ஓணத்தை ஒட்டி நடக்கும் முதல் பருவப் பரீட்சை வந்த பிறகும் புத்தகம் வந்து சேராமல், பழைய புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்தியவள் அவள். மொழி உரிமை என்று நாம் மேடையில் பேசுவது அவளுக்கு அச்சடித்த புத்தகமும் அதை நடத்த ஒரு ஆளும்தான்.

ஆள் என்றதும் நினைவுக்கு வருவது ஆறாவது வேலை நாள். கேரளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். ஜூனில் ஸ்கூல் திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு இருக்கிற பிள்ளைகளின் கணக்கை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை டிவிஷன் (வகுப்புப் பிரிவு), எத்தனை டீச்சர் என்று முடிவாகும். தலை குறைந்தால் டிவிஷன் போச்சு. தமிழ் டிவிஷன் ஒரு தடவை போனால் திரும்ப வருவது குதிரைக்கொம்பு. அதனால் மே மாத வெயிலில் அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். கள்ளிறக்குகிறவர்கள் குடிசை, செங்கல் சூளை, எரவாளர் பழங்குடியினரின் குடியிருப்பு, கடலைக் காடு. "ஏனுங்க, பையனுக்கு அஞ்சு வயசாச்சில்லைங்க?" என்று ஆரம்பித்து, பேர் எழுதாமல் நகரமாட்டாள். ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று சொன்ன ஒரு அப்பனிடம், ஸ்கூல் விட்டதும் மேய்க்கட்டும், பகலில் ஆட்டை ஸ்கூலுக்குப் பின்னால் கட்டிப் போடு என்றாள். அந்த வருஷம் முழுக்க ஸ்கூல் வேலியோரம் மூன்று ஆடுகள் நின்றன.

இதில் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் எண்ணமும் இருந்தது, அதை அவள் மறைத்ததே இல்லை. ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் பிழைத்திருப்பது ஒரு டீச்சருக்குத் தன் போஸ்ட் போய்விடக்கூடாது என்கிற பயத்தால் என்றால், அந்தப் பயத்துக்கு நான் கோயில் கட்டுவேன்.

"எல்லாப் பிள்ளைகளையும் தன் பிள்ளையாகப் பார்த்தார்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். நேர்மாறு. எங்களைத்தான் ஸ்கூல் பிள்ளைகளாகப் பார்த்தாள். வகுப்பில் அம்மா என்று வாய் தவறிவிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டாள், டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும். வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் மற்றவர்களுக்கு ஒரு அடி, எனக்கு இரண்டு. பிரசவ லீவு முடிந்ததும் ஸ்கூலுக்குக் கிளம்பிவிட்டாள். இண்டர்வெல் மணி அடிக்கும் நேரம் பார்த்து அப்பத்தா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து வருவார். உப்புமா கிண்டுகிற கொட்டகையில், புகைக்கு நடுவில், விறகுக் கட்டின் மேல் உட்கார்ந்து அம்மா பால் கொடுப்பாள். மறு மணி அடித்தால் குழந்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு எழுந்திருப்பாள். என் கடைசித் தங்கை அப்படி அழுதுகொண்டே திரும்பிப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

தியாகி வேண்டும் என்றால் அப்பத்தாவைப் பிடியுங்கள். நாலு பேரை வளர்த்தவர் அவர்தான். சம்பளம் இல்லை, லீவு இல்லை, பென்ஷன் இல்லை, வாட்ஸ்அப் அஞ்சலியும் இல்லை. எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது அம்மா சாயங்காலம் அரிக்கேன் விளக்கோடு போய்ப் பெரியவர்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக்கொடுத்தாள். மாமியாரையும் கூப்பிட்டாள். "உம்பட பள்ளிக்கூடத்துக்கு நான் நடந்தது போதும்" என்று அப்பத்தா மறுத்துவிட்டார். 1991 ஏப்ரல் 18-ஆம் தேதி கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று கோழிக்கோட்டில் அறிவித்தார்கள். எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்கிறவர் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். அந்த வருஷ சென்சஸிலும் கணக்கு 90 சதவீதத்தை ஒட்டித்தான். வகுப்பில் கணக்கும் நடத்திய அம்மாவுக்கு இந்த "முழு" கடைசிவரை ஜீரணமாகவில்லை.

ஐம்பத்தைந்தில் ரிட்டயர் ஆனாள், கேரளத்தில் அன்றைக்கு அதுதான் வயது. வேலை பார்த்த காலத்துக்குக் கிட்டத்தட்ட சரிசமமாக உட்கார்ந்து பென்ஷனும் வாங்கினாள். டிரஷரிக்கு வருஷாவருஷம் "உயிரோடுதான் இருக்கிறேன்" என்று காட்டிவிட்டு வருவதில் அவளுக்கு ஒரு குறும்பு சந்தோஷம்.

இப்போது அவள் நினைவாக ஸ்கூல் வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்று பழைய மாணவர்கள் பேசிக்கொள்கிறார்கள். என்னிடமும் கேட்டார்கள். நல்ல மனசு, வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லக் கஷ்டமாக இருந்தது, அதனால் இங்கே சொல்கிறேன். அந்த ஸ்கூலில் தமிழ் டிவிஷன் இன்னும் இருக்கிறது, ஒரு நூலிழையில். மஞ்சள் வேன்கள் வீட்டு வாசலிலேயே வந்து பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு ஏற்றிக்கொண்டு போகின்றன. தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு வர வண்டி இல்லை. வளைவுக்கு ஒதுக்குகிற பணத்தில் ஒரு ஜீப்பை வாடகைக்குப் பேசினால் ஒரு வருஷம் ஓட்டலாம். ஜூனுக்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும், ஆறாவது வேலை நாள் யாருக்காகவும் காத்திருக்காது. மே மாதம் வீடு வீடாக நடக்க நான் வருகிறேன், கூட வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.