ஆர்.ஓ. கருவி சாக்கடையில் விடும் தண்ணீர்

தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டிப் பிரிக்கும் வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவும் ஒரு குடம் குடிநீர் தருவதற்கு ஏறத்தாழ மூன்று குடம் தண்ணீரை வெளியே தள்ளுகின்றன என்பதை விற்க வருபவர்கள் வாய் திறந்து சொல்வதே இல்லை. எங்கள் வீட்டில் பொருத்த வந்தவர், பென்சில் பருமனே உள்ள கழிவுக் குழாயை நேராகச் சிங்க்கின் அடிக்குழாயில் செருகி, அதுதான் முறை என்று சாதித்தார். வாளியில் விடுங்கள், தரை துடைக்கவும் கழிவறையில் ஊற்றவும் ஆகும் என்று எவ்வளவோ சொல்லியும், "அதெல்லாம் யாரும் கேட்பதில்லை, சார்" என்பதுதான் பதில். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, லாரிக்காகக் குடத்தோடு காத்துக் கிடந்த சென்னையில் இப்படியொரு பதிலைக் கேட்டால் வயிறு எரிகிறது.

குடிநீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று இந்தியத் தர அமைவனமே ஏற்கிறது. அதற்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவியைத் தடை செய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதே 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அப்படியிருந்தும், நல்ல ஆற்றுநீர் வரும் தெருக்களில்கூட, உப்பின் அளவைக் காட்டும் பேனா போன்ற மீட்டரைத் தம்ளரில் முக்கி, அது 200-ஐக் காட்டினாலும் முகத்தைச் சுளித்து, குழந்தைகள் இருக்கும் வீடாயிற்றே என்று பயமுறுத்தி விற்றுவிடுகிறார்கள். அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குடித்தாலே கிருமிகள் அழிந்துவிடும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருப்பவர்களுக்கு இக்கருவி தேவைதான். அவர்களுக்காவது, கழிவுநீரைப் பிடித்துவைக்க ஒரு தொட்டியைக் கருவியோடு சேர்த்துக் கொடுப்பதில் விற்பவர்களுக்கு என்ன நட்டம்?