பெர்லினில் தனியாக ஒரு நனிசைவர்

ஐரோப்பிய நகரத்தில் தனியாகச் சுற்றும் வீகன் பயணிக்கு, அதாவது பால், முட்டை, தேன் உட்பட விலங்குகளிடமிருந்து வரும் எதையும் உண்ணாத நனிசைவருக்கு, உருளைக்கிழங்கு வறுவலும் சாலடும்தான் கதி என்று நான் படித்த ஒரு பயணக் கட்டுரையில் அதை எழுதியவர் வருந்துவது, நான் ஒன்பது நாட்கள் தனியாகத் தங்கியிருந்த பெர்லினுக்குச் சற்றும் பொருந்தாது. நொய்கோல்ன் பகுதியின் சோனன்அலே சாலையில், லெபனான், சிரியா, பாலத்தீனத்திலிருந்து குடியேறியவர்கள் நடத்தும் கடைகளில், எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்த ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடையை ரொட்டியில் வைத்து நசுக்கி, எள் விழுதான தஹினியை ஊற்றி, புளிக்கவைத்த இளஞ்சிவப்பு டர்னிப் துண்டுகளைச் செருகிச் சுருட்டித் தருவார்கள். தயிர்ச் சாஸ் வேண்டாம் என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்தச் சூட்டோடு நடைபாதை ஓரமாக நின்று சாப்பிட்டபோது, தனியாக வந்திருக்கிறோம் என்ற கூச்சமே எனக்குப் போய்விட்டது.

அந்தக் கட்டுரை விட்டுவிட்ட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, பொட்டலத்தில் அடைத்த உணவில் பால், முட்டை உள்ளிட்ட 14 ஒவ்வாமைப் பொருட்களின் பெயர்கள் தனித்துத் தெரியும்படி அச்சிடப்பட வேண்டும் என்பதால், ஜெர்மன் தெரியாத எனக்குத் தடித்த எழுத்தில் இருந்த 'மில்ஷ்' என்ற சொல்லே பாலைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் தேனும், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினும் அந்த 14-இல் இல்லை; ஆகவே மிட்டாய் வாங்குபவர்கள் தயவுசெய்து முழுப் பட்டியலையும் படியுங்கள்.