மாப்பிள்ளை விட்ட கரடி

(கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா. மே மாதம். காட்டுச் சாலையோரம் கார் நிற்கிறது. உள்ளே மாமனாரும் மருமகனும்.)

மாமனார்: நிறுத்துங்க மாப்பிள்ளை, கரடி!

மருமகன்: நிறுத்தியாச்சு மாமா, கண்ணாடியை மட்டும் இறக்காதீங்க. இதுதான் நான் சொன்ன கறுப்புக் கரடி.

மாமனார்: எது, இந்தச் செம்பட்டையா? எனக்குக் கண்புரை எடுத்து ஆறு மாசம்தான் ஆகிறது, எல்லாம் பளிச்சென்று தெரிகிறது.

மருமகன்: பேர்தான் கறுப்பு. பழுப்பிலும் இருக்கும், இப்படி இலவங்கப்பட்டை நிறத்திலும் இருக்கும். இதே மாகாணத்துக் கடலோரக் காடுகளில் வெள்ளையாகக்கூட உண்டு, அதுவும் கறுப்புக் கரடிதான்.

மாமனார்: கறுப்புக் கரடி, வெள்ளை நிறம். சரி, கார் உங்களுடையது, கேட்டுத்தானே ஆகணும். என்ன தின்கிறது அது?

மருமகன்: பூ.

மாமனார்: மாப்பிள்ளை...

மருமகன்: நிஜமாகவே பூதான் மாமா. உதட்டைப் பாருங்க, விரல் மாதிரி நீட்டி ஒவ்வொரு மஞ்சள் பூவாகக் கிள்ளுகிறது. இதன் சாப்பாட்டில் பெரும்பகுதி புல், பழம், கொட்டைதான், ஊடே எறும்பு, புழு. குளிர்காலம் முழுக்கக் குகையில் பட்டினி கிடந்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்திருக்கிறது. ஐந்து மாசமோ ஆறு மாசமோ, ஒரு வாய் தண்ணீர் கிடையாது.

மாமனார்: அப்போ பாத்ரூம்?

மருமகன்: அதுவும் கிடையாது.

மாமனார்: ராத்திரிக்கு நாலு தடவை எழுந்திருக்கிறவனிடம் சொல்கிற கதையா இது?

மருமகன்: வெளியேற வேண்டிய யூரியாவை உடம்பே மறுபடி புரதமாக மாற்றிக்கொள்கிறது, அதனால்தான் அத்தனை மாசம் படுத்துக் கிடந்தும் தசை அவ்வளவாகக் கரைவதில்லை. நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு 8 வரைகூட இறங்கும்.

மாமனார்: எனக்கு 45 ஆனதற்கே ஐ.சி.யூ.வில் போட்டாங்க. அதோ, புல்லுக்குள்ளே இரண்டு குட்டி! ஒன்று கறுப்பு, ஒன்று செம்பட்டை.

மருமகன்: ஜனவரி வாக்கில் குகைக்குள்ளே பிறந்திருக்கும். பிறக்கும்போது 300 கிராம் சுமார்தான், உங்க செல்போனைவிடக் கொஞ்சம் கூட. இன்னொன்று கேளுங்க, ஜோடி சேர்வது ஜூன், ஜூலையில், ஆனால் கரு நவம்பர் வரைக்கும் கருப்பையில் ஒட்டாமல் சும்மா காத்திருக்கும். அதற்குள் அம்மா போதுமான கொழுப்பு சேர்த்திருந்தால்தான் ஒட்டி வளரும், இல்லையென்றால் அந்த வருஷம் குட்டி கிடையாது.

மாமனார்: பாஸ்புக்கைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை பெறும் என்கிறீங்க. நல்ல குடும்பப் பெண்ணாக இருக்கிறதே, ஒரு பன்னைத் தூக்கிப் போடட்டுமா?

மருமகன்: ஐயோ, வேண்டாம் மாமா! இங்கே அது சட்டப்படி குற்றம். மனுஷன் கொடுத்துத் தின்று பழகிய கரடி ஊருக்குள் குப்பைத்தொட்டி தேடி வரும், கடைசியில் சுட்டுவிடுவாங்க. நாம் போடுகிற பன்தான் அதற்கு எமன்.

மாமனார்: சரி, பன் எனக்கே. இறங்கி ஒரு போட்டோ? துரத்தினால் மரத்தில் ஏறிக்கொள்கிறேன்.

(லாரி ஒன்று கடக்கிறது. தாய்க்கரடி ஒரு உறுமல் உறுமுகிறது. இரண்டு குட்டிகளும் கண் இமைப்பதற்குள் மர உச்சியில்.)

மருமகன்: பார்த்தீங்களா? அம்மாவும் இதே மாதிரி ஏறுவாள்.

மாமனார்: அப்போ செத்தவன் மாதிரி படுத்துவிடுகிறேன்.

மருமகன்: இதனிடம் அது பலிக்காது. ஓடவும் கூடாது, படுக்கவும் கூடாது. கையைத் தூக்கி ஆளைப் பெரிசாகக் காட்டிக்கொண்டு, சத்தம் போட்டபடி மெல்லப் பின்வாங்கணும்.

மாமனார்: சத்தமா? அதற்கு உங்க அத்தையைத்தான் கூட்டி வந்திருக்கணும். இருங்க, போன் போட்டு அவளிடம் சொல்கிறேன்... ஹலோ, நான்தான். எதிரிலேயே கறுப்புக் கரடி நிற்கிறது... இல்லை, நிறம் செம்பட்டை... பூ தின்கிறது... ஆமாம்டி, பூ. ஆறு மாசமாக ஒன்றுக்குக்கூடப் போகவில்லையாம்... ஏய், நான் எதற்குடி கரடி விடப் போகிறேன்? மாப்பிள்ளை, நீங்களே பேசுங்க!

மருமகன்: ஹலோ அத்தை... ஐயோ, இல்லை அத்தை, டீதான் குடித்தோம்.