மேகதாது: அது சுற்றுச்சூழல் அனுமதி அல்ல

"மேகதாது அணைக்கு 2018லேயே மத்திய அரசு சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டது, இனி பேசிப் பயனில்லை" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. காவிரியின் குறுக்கே கர்நாடகம் கட்டத் திட்டமிடும் அணை இது. அந்தச் செய்தி தவறு.

2018 நவம்பரில் மத்திய நீர்வள ஆணையம் கொடுத்தது, விரிவான திட்ட அறிக்கையைத் தயாரிக்கலாம் என்ற அனுமதி மட்டுமே. சுற்றுச்சூழல் அனுமதி தருவது வேறு அமைச்சகம், அதாவது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். அங்கே முதற்படி, எதையெல்லாம் ஆராய வேண்டும் என்ற ஆய்வு வரம்பைப் பெறுவது. கர்நாடகம் அதற்கு விண்ணப்பித்தபோது, 2019 ஜூலையில் நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதை ஒத்திவைத்தது. தமிழ்நாட்டுடன் சுமுகத் தீர்வு வேண்டும் என்றது.

அந்த அமைச்சகத்தின் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி ஆய்வு, 30 நாள் முன்னறிவிப்போடு பொதுமக்கள் கருத்துக்கேட்பு, மீண்டும் நிபுணர் குழு என்று படிகள் நீள்கின்றன. நீளத்தான் வேண்டும். மூழ்கவிருப்பதில் காவிரி வனவிலங்கு சரணாலயக் காடும் உண்டு. கரையோர மரங்களில் கிளைக்குக் கிளை தாவும் சாம்பல் நிற மலையணிலின் வீடு அது.

சரி, எங்கே பார்ப்பது? அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் குழுவின் கூட்டக் குறிப்புகள் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.