இந்திரலால் ராய் கூலிப்படை இல்லை

முந்தாநாள், முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த இந்திரலால் ராய் பற்றிய என் பதிவின் கீழே நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். "வெள்ளைக்காரனின் கூலிப்படை" என்று ஒருவர் ஆரம்பித்தார், அப்புறம் வரிசையாக ஆமாம் சாமிகள். பேசாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

சாகும்போது அவருக்கு வயது 19. கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்த பையன். கண்பார்வை போதாது என்று விமானப்படை திருப்பி அனுப்பியபோது, தன் மோட்டார் சைக்கிளை விற்று வேறொரு கண் மருத்துவரைப் பார்த்துச் சேர்ந்தவர். 1917 டிசம்பரில் விமானம் நொறுங்கியது. செத்துவிட்டார் என்று பிணவறையில் போட்டார்கள், உள்ளேயிருந்து கதவைத் தட்டினார் என்பார்கள். பறக்கத் தகுதியில்லை என்று எழுதிய பிறகும் நச்சரித்துத் திரும்பினார். 1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள், அதாவது வானில் வீழ்த்திய எதிரி விமானங்கள். 22ஆம் தேதி பிரான்ஸ் வானில் அவரே வீழ்த்தப்பட்டார்.

"பத்தெல்லாம் ஒரு கணக்கா? ஜெர்மன் விமானி ரிக்தோஃபன் 80" என்று ஒருவர். அந்த 80க்கு ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆனது. இவருக்கு இரண்டே வாரம். இவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானத்தில் ஒரு துப்பாக்கி மேல் இறக்கையில் இருக்கும். ரவை தீர்ந்தால், ஓட்டிக்கொண்டே அதைக் கீழே இழுத்து ரவைத் தட்டை மாற்ற வேண்டும். முகத்தில் காற்று அறையும், பின்னால் எதிரி. பாராசூட் கிடையாது.

"பணக்கார வீட்டுப் பிள்ளை, வயிற்றுப்பாட்டுக்கா போனார்?" சரி, இல்லைதான். அப்படியென்றால் கூலிக்குப் போனவர் எப்படி ஆனார்?

வயிற்றுப்பாட்டுக்குப் போனவர்களையாவது விட்டீர்களா? என் தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர். வேலூர்ப் பக்கம் மழை பொய்த்த வருஷம், பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள், போனார். குண்டுச் சத்தத்தில் இடது காது போய்த் திரும்பினார். ஊர்க் கூட்டத்தில் அவர் வாய் திறந்தால் "வெள்ளைக்காரன் சோறு தின்னவர்" என்று யாராவது சொல்வார்கள். பர்மா ஸ்டார் பதக்கம் கடைசிவரை டிரங்குப் பெட்டியில், பாட்டியின் கூறைப்புடவைக்கு அடியில்தான் கிடந்தது. ஒரு நாளும் சட்டையில் குத்திக்கொள்ளவில்லை.

விடுதலைக்குச் சிறை போனவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. அவர்களைக் கும்பிடுகிறேன். அதற்காக இவர்களைத் துப்ப வேண்டுமா?

"நாட்டுக்கு என்ன பிரயோஜனம்?" என்றவருக்கு: 1954இல் நம் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதியான சுப்ரதோ முகர்ஜி, இந்திரலாலின் உறவினர்.

வாதம் செய்யுங்கள், பதில் சொல்கிறேன். 'கூலிப்படை' என்று இன்னொருவர் எழுதினால் நட்பிலிருந்து நீக்குவேன், உறவினராக இருந்தாலும்.